எண்ணிக்கை நாள்

கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு அவன் தேடியது ஒற்றைக் காலுறையை. சாம்பல் நிறத்தில் ஒன்று கையில் இருந்தது. அதன் ஜோடி எங்கேயோ மாயமாகிவிட்டது. கடைசியில் துவைத்த துணிக் குவியலிலிருந்து நீலத்தில் ஒன்றை உருவி மாட்டிக்கொண்டு, ஒரு காலை முன்னால் வைத்து, இடுப்பில் கைகொடுத்து, துணிக்கடை பொம்மை மாதிரி நின்று காட்டினான்.

"எப்படி இருக்கு?"

"ஷூவுக்குள்ளதானே போகப் போகுது. யார் பாக்கப் போறாங்க? கிளம்புங்க, நேரமாச்சு," என்றாள் மனைவி.

"வழியில பாத்தா நான் உங்க பொண்ணு இல்லப்பா," என்றாள் மகள், வாயில் பல்துலக்கியோடு.

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தினமும் சைக்கிளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மூன்று மாடி இறங்கும்போது, "ஊரையே மேல தூக்கி விடறேன், என்னைத் தூக்க ஒரு நாதி இல்லை," என்று படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு போவான். கீழ்வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் மணி ஏழரை என்று தெரிந்துகொள்வார்கள். அன்றைக்கும் சொன்னான். அன்றைக்கும் யாரும் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் போர்வையைத் தலையிலிருந்து இழுத்து மூடியிருந்தார்கள். போர்வை போதவில்லை. கால்கள் வெளியே இருந்தன. ஷூவை யாரோ கழற்றியிருந்தார்கள். ஒரு கால் சாம்பல், ஒரு கால் நீலம்.

"அவர் இப்படிப் போட்டுக்கிட்டுப் போறவர் இல்லைங்க," என்று அவள் பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொன்னாள். "ஜோடி கிடைக்கலை. நான்தான் பரவாயில்லைன்னு சொன்னேன்."

நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவன் போன பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் அவைதான்.

நடந்தது இவ்வளவுதான். சிமெண்ட் கலவைக் களத்துக்குப் பக்கத்தில், சாலைகள் சேரும் பெரிய முனையில் சிவப்பு விளக்குக்காக அவன் சாலை ஓரத்தில் காலூன்றி நின்றிருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு கான்கிரீட் லாரி, வயிறு சுழலச் சுழல நின்றிருக்கிறது. பச்சை விழுந்தது. அவன் நேராகப் போனான். லாரி அவன் இருந்த பக்கமாகத் திரும்பியது. ஓட்டுநர் கையிலிருந்த கைபேசியில், சரக்கு இறக்க வேண்டிய இடத்துக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தான்.

நீதிமன்றத்தில் அந்த ஓட்டுநர் தலையைக் குனிந்தபடி, வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்றான். ஆபத்தாக ஓட்டியது என்று தொடங்கிய வழக்கு, கவனக்குறைவு என்று சுருங்கி முடிந்தது. 'ஒரு கணக் கவனக்குறைவு' என்று தீர்ப்பில் வாசித்தார்கள். சில மாதங்களுக்கு உரிமம் பறிப்பு. எதிர்த்தரப்பு வக்கீல், இறந்தவர் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டிருந்தாரா என்று கேட்டார். அவள் எழுந்து, "லாரி என்ன நிறம்னு கேளுங்க. ஆரஞ்சு. அதை அவர் பாத்தாரு. அதனால என்ன பிரயோஜனம்?" என்றாள். உட்காரச் சொன்னார்கள்.

அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, வில்லையைக் கண்ணாடிச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்த வேண்டும். முகத்தோடு முகம் வைத்துச் செய்கிற வேலை. அந்த நெருக்கத்தில் மனிதர்கள் வாய்விட்டுப் பேசிவிடுவார்கள். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர், அவள் அளவுகோலை அவர் மூக்கின்மேல் வைத்திருந்தபோதே, "இந்த சைக்கிள்காரங்க தொல்லை தாங்கலைம்மா. எங்கேருந்து முளைக்கிறாங்கன்னே தெரியலை," என்றார். "நேரா பாருங்க சார்," என்றாள். அளவு எடுத்து முடித்ததும், "உங்களுக்குத் தூரப் பார்வை ரொம்ப மோசம். கண்ணாடி வர்ற வரைக்கும் கார் எடுக்காதீங்க," என்றாள். அவர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் அவள் சாலை அலுவலகத்துக்கு நடக்கத் தொடங்கினாள். கூட வந்தவன் அவள் கணவனோடு வேலை பார்த்த ஸ்பானர். ஒல்லி உடம்பு, பெரிய தலை. அதனால் வந்த பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் அவன் அம்மாவே யோசிப்பாள் என்று கணவன் கிண்டல் செய்வான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. லாரிக்குப் பச்சை விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், சைக்கிளுக்கு மட்டும் தனியாக ஒரு பச்சை. பத்து எண்ணுகிற நேரம். அந்தப் பத்தில் சைக்கிள் முனையைக் கடந்துவிடும். அப்புறம் லாரி திரும்பட்டும்.

அந்த அலுவலகத்துப் பொறியாளர் கெட்டவர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு. காலை நேரத்துல இருநூறு சைக்கிளாவது அந்த முனை வழியா போனாத்தான் தனி விளக்கு வைக்க முடியும். அங்க முப்பது தேறினாலே பெரிசு."

"எப்படி சார் தேறும்? உயிர் மேல ஆசை இருக்கிறவங்க கால்வாய் ஓரமா சுத்திக்கிட்டுப் போறாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். சைக்கிளே போகாத இடத்துல சைக்கிளுக்கு விளக்கு எதுக்குன்னு மேல கேப்பாங்க."

"எங்க கடைக்குக் கண்ணு தெரியாம வர்றவர்கிட்ட, 'பலகையில இருக்கிற எழுத்தை முழுசா வாசிச்சுக் காட்டுங்க, அப்பத்தான் கண்ணாடி தருவேன்'னு நான் சொன்னா எப்படி இருக்கும்?"

பொறியாளருடைய கண்ணாடி மூக்கில் இறங்கியிருந்தது; ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழுமாக. வந்ததிலிருந்து அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. "கழட்டிக் குடுங்க," என்றாள். மேசை மேலேயே வைத்து, கைக்குட்டையால் சட்டத்தைப் பிடித்து, காதுக் கம்பியை லேசாக வளைத்து, மூக்குத் தாங்கியை நெருக்கிக் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டு ஒரு முறை தலையாட்டிப் பார்த்தார். விழவில்லை.

"இந்தத் தடவை சைக்கிள் எண்ணிக்கை அடுத்த புதன்கிழமை," என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "நான் சொல்லலை."

வெளியே வந்ததும் ஸ்பானர் குதிக்காத குறை. "அண்ணி, சுத்திச் சுத்தி வந்தாக்கூட இருநூறு ஆக்கிடலாம். நான் ஒருத்தனே இருபது தடவை வரேன்."

"ஒருத்தர் ஒரு தடவைதான். வேலைக்குப் போறவங்க வேலைக்குத்தான் போகணும். கால்வாய் பக்கம் சுத்தாம, அன்னைக்கு ஒரு நாள் நேர் வழியில போகச் சொல்லுவோம். பொய்க் கணக்கு வேண்டாம்."

ஆள் சேர்த்தார்கள். லிஃப்ட் கம்பெனியில் எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். தபால்காரர் சேர்ந்துகொண்டார். பள்ளிக்கூட ஆசிரியை தன் பங்குக்கு ஒரு வகுப்பையே கூட்டி வருவதாகச் சொன்னார். ரொட்டிக் கடைக்காரர் கல்யாணத்துக்கு அப்புறம் சைக்கிள் ஏறியதில்லை. "என்னைத் தாங்குமா அது?" என்று தொப்பையைத் தடவிக்கொண்டார். "நான் இருபது வருஷமா தாங்கலை? இரும்பு தாங்காதா?" என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி. கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆள் கேட்டுப் போயிருந்த அவளும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தெருவில் நின்று அழுதாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மகள் பால்கனியில் தன் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா போனதிலிருந்து அந்த சைக்கிள் பூட்டிக் கிடந்தது.

"எதுக்கு இப்ப அது?"

"புதன்கிழமைக்கு."

"நீ வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

மகள் பம்பைக் கீழே வைத்தாள். "ஊர்ல இருக்கிற அப்பாக்கள், அடுத்த வீட்டுப் பிள்ளைங்க, அத்தனை பேரும் போகலாம். நான் மட்டும் இங்க நின்னு கை காட்டணுமா?"

"எனக்கு நீ ஒருத்திதான் மிச்சம்."

"அவங்களுக்கெல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கா?"

அவள் சமையலறைக்குள் போய், கழுவிவைத்த பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு முகம் வந்தது. தபால்காரர், ரொட்டிக் கடைக்காரர், ஆசிரியையின் வகுப்பில் பல் விழுந்த ஒரு சின்னப் பெண். அத்தனை பேரையும் கையைப் பிடித்து அந்த முனைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள் அவள்தான். நாளை மறுநாள் எவனோ ஒருவன் கைபேசியில் வழி பார்த்துக்கொண்டு திரும்பினால்?

மறுநாள் கடையில் அவள் கையில் ஒரு வில்லை விளிம்பு தெறித்துப் போனது. இத்தனை வருடத்தில் அப்படி ஆனதில்லை. மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஸ்பானரைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாகப் போக்குவரத்துக் காவல் நிலையத்துக்குப் போனார்கள்.

ஆய்வாளர் முழுதும் கேட்டார். "சின்னப் பசங்களும் வர்றாங்களா?"

"வர்றாங்க சார். ஒரே ஒரு காவலரை அந்த முனையில நிக்க வச்சா போதும். லாரிக்காரங்களுக்குக் கொஞ்சம் பயம் இருக்கும்."

"உங்க வீட்டுக்காரர் விஷயம் எனக்குத் தெரியும்மா. அன்னைக்கு நான்தான் அங்க வந்தேன்." அவர் நாட்குறிப்பில் புதன்கிழமையைக் குறித்துக்கொண்டார். "நான் பாத்துக்கறேன். ஒரு கொசுகூட உங்களைக் கடிக்காது. போங்க."

படியிறங்கும்போது ஸ்பானர் சொன்னான்: "அண்ணி, இவ்வளவு நல்ல போலீஸை நான் பாத்ததே இல்ல. எனக்கு இப்பதான் பயமா இருக்கு."

புதன்கிழமை காலை, முனையில் மடக்கு நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாலை அலுவலகத்தின் எண்ணிக்கைக்காரர். கையில் கட்டைவிரலால் அழுத்துகிற சின்ன எண்ணு கருவி. ஒரு சைக்கிள் போனால் ஒரு 'டக்'. அவள் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

முதலில் தபால்காரர் வந்தார். பின்னால் லிஃப்ட் கம்பெனி ஆட்கள், கருவிப் பைகளோடு. அப்புறம் யார் யாரோ, அவள் முகம் பார்த்திராதவர்கள், பின்னால் குழந்தையை உட்கார வைத்தவர்கள், வயதானவர்கள். ரொட்டிக் கடைக்காரர் வேர்த்து விறுவிறுத்து, "தாங்குதும்மா, தாங்குது!" என்று கத்திக்கொண்டு போனார். ஆசிரியைக்குப் பின்னால் பிள்ளைகள் மணியடித்துக்கொண்டே வந்தார்கள். சாலை முழுக்க மணிச் சத்தம். டக், டக், டக். இருநூறு எப்போதோ தாண்டியிருக்கும்.

மகள் வந்தாள். தெருக்கோடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதுகை நிமிர்த்தி, அவசரமில்லாமல் வந்த மகள், அந்த இடம் வந்ததும் கண்ணை மூடினாளோ என்று தோன்றியது. கடந்து போனாள். எதுவும் ஆகவில்லை. அந்த ஒரு நொடியில், இத்தனை மாதங்களுக்குப் பிறகு, அவளுக்கு மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது.

"லாரியெல்லாம் எங்கம்மா இன்னைக்கு?" என்றார் எண்ணிக்கைக்காரர்.

அப்போதுதான் அவள் சாலையைப் பார்த்தாள். லாரி ஒன்றுகூட இல்லை. கார்கூட இல்லை. தூரத்தில் இரும்புத் தடுப்புகள் குறுக்கே நின்றன.

"போலீஸ் நிறுத்தி வச்சிருக்காங்க போல," என்றாள்.

அவர் கட்டைவிரல் நின்றது. "யார் நிறுத்தச் சொன்னது?" அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, சாலை வழக்கம்போல இருந்தாத்தான் இந்தக் கணக்கு செல்லும். மூடி வச்ச ரோட்டுல ஆயிரம் சைக்கிள் போனாலும் குப்பைக்குத்தான் போகும். எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. இப்பவே திறந்துவிடச் சொல்லுங்க. இந்த ஒரு மணி நேரத்தையாவது நான் கணக்குல காட்டறேன். போங்க, ஓடுங்க."

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது; எடுக்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் நின்றது ஒரு கான்கிரீட் லாரி. அதன் வயிறு சுழன்றுகொண்டே இருந்தது. உள்ளே ஓட்டுநர் மடியைப் பார்த்துக் குனிந்திருந்தான். மடியில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆய்வாளர் தடுப்பின் மேல் கையை ஊன்றி நின்றார். "என்னம்மா, எல்லாம் சரிதானே?"

சொல்ல வேண்டியது மூன்று வார்த்தை. 'வண்டிகளை விடுங்க சார்.' அவள் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் வரிசையின் கடைசிப் பகுதி இன்னும் வந்துகொண்டிருந்தது. பல் விழுந்த பெண் ஒரு கையை விட்டுவிட்டு அவளுக்கு டாட்டா காட்டினாள். ஸ்பானரின் மகன் எழுந்து நின்று மிதித்தான். எதிர்த் திசையிலிருந்து மகள், ஒருவருக்கு ஒரு தடவைதான் என்று அம்மா சொன்னதை மறந்தவளாக, சிரித்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"சரிதான் சார்," என்றாள் அவள். "எல்லாம் சரிதான்."

ஒரு மணி நேரமும் அங்கேயே, ஒற்றைச் செருப்போடு, லாரிக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்றாள்.

அன்று மதியம் பொறியாளர் தானாகவே கடைக்குத் தொலைபேசி செய்தார். எண்ணிக்கை செல்லாது. அசாதாரண நாள் என்று பதிந்துவிட்டார்கள். அடுத்த எண்ணிக்கை இரண்டு வருடம் கழித்து.

"ஒரு வார்த்தையில நின்னுதே சார் அத்தனை லாரியும்," என்றாள் அவள். "ஒரு நாள் முடிஞ்சது தினமும் ஏன் முடியாது?"

"அது நிகழ்ச்சிம்மா. நிகழ்ச்சிக்கு நிறுத்தலாம்."

"எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போனது நிகழ்ச்சி இல்லையா?"

"என் கையில ஒண்ணும் இல்லைம்மா," என்றார். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். காத்திருந்த வாடிக்கையாளரிடம், "நேரா பாருங்க," என்றாள். அளவுகோலின் எண்கள் அவளுக்கே தெரியவில்லை.

ஸ்பானர் அன்று மாலை வந்து, சமையலறை வாசலில் நின்றபடி குதித்தான். "அந்த எண்ணறவரு நேரத்தோட சொல்லியிருந்தா என்ன அண்ணி? கொஞ்ச நேரம் இருந்திருந்தாக்கூட ஓடிப்போய்த் திறந்திருப்போமே!"

"சொன்னாரு. ஒரு மணி நேரம் மிச்சம் இருந்துச்சு. ஓடினேன். தடுப்பு வரைக்கும் போனேன்."

"அப்புறம்?"

"உன் பையன் எழுந்து நின்னு மிதிச்சுக்கிட்டு வந்தான்."

ஸ்பானரின் பெரிய தலை கதவு நிலையில் சாய்ந்தது. "நல்ல வேளை," என்றான். சொன்ன உடனே, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல, தரையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்த அவள் மகளைப் பார்த்தான்.

மகள் நிமிரவில்லை. "இனி தினமும் நான் அந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போவேன்," என்றாள். "ரெண்டு வருஷம் கழிச்சு எண்ண வரும்போது ஒண்ணாவது வழக்கம்போல இருக்கட்டும்."

"போக மாட்ட."

"போவேன்மா."

"செத்துடுவேன்டி நான்."

"அப்பவாவது அவங்க வந்து அந்த விளக்கை மாத்தட்டும்," என்று கத்தினாள் மகள். கத்திவிட்டு, சின்னக் குழந்தை மாதிரி ஓடிவந்து அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு பேரையும் பார்க்க மாட்டாமல் ஸ்பானர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

மறுநாள் காலை மகள் சைக்கிளைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்குவதற்கு முன்பே அவள் போய் முனையில் நின்றாள். தடுப்புகளை எடுத்துவிட்டிருந்தார்கள். களத்திலிருந்து லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. சிவப்பு விழுந்தது. ஒரு லாரி வந்து நின்றது. அதற்கும் சாலை ஓரத்துக்கும் நடுவில், இரண்டு முழம் இருக்கும், அந்த இடத்தில் ஒரு பெண் சைக்கிளோடு நுழைந்து காலூன்றினாள். மகள் இல்லை. மகளுக்கு நான்கைந்து வயது மூத்தவள், கழுத்தில் ஏதோ அலுவலக அட்டை.

அவள் ஓடிப்போய் அந்தப் பெண்ணின் சைக்கிளைப் பிடித்தாள். "லாரி போகட்டும்மா. அது போனப்புறம் போ."

அந்தப் பெண் திடுக்கிட்டுக் காதிலிருந்ததைக் கழற்றினாள். "என்னக்கா?"

"இது திரும்பும். அவன் கண்ணுக்கு நீ தெரிய மாட்ட."

அந்தப் பெண் லாரியை ஏறிட்டுப் பார்த்தாள். கண்ணாடி ஜன்னல் மிக உயரத்தில் இருந்தது. அங்கே யாரும் இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. அவள் கொஞ்சம் பயந்தது போலிருந்தது. கைப்பிடியை விடுவித்துக்கொண்டு பாதி சிரித்தாள்.

"எனக்கும் பச்சை விழுமே அக்கா," என்றாள்.

விழுந்தது. லாரிக்கும் அவளுக்கும், ஒரே விளக்கில், ஒரே நேரத்தில்.